சொல்லின் வேரும் தொழுகையின் வேரும்

'நமாஸ்' என்னும் சொல் 'நமஸ்' என்னும் வடசொல்லின் திரிபு. ஆகவே முஸ்லிம்களின் வணக்கமும் பாரத நாட்டுப் பழைய வணக்கத்தின் திரிபே. ஆகவே அவர்கள் என்றேனும் ஒருநாள் 'தாய்வீடு' திரும்ப வேண்டியவர்களே! இப்படி ஒரு வாதம் நெடுங்காலமாக மேடைகளிலும் துண்டு வெளியீடுகளிலும் உலவி வந்தது. இன்று கைபேசியின் வழியே நம் இல்லங்களின் கூடம் வரை வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பிள்ளை கேட்ட கேள்வியை நம் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வருகிறது. பெற்றோரோ விடையறியாது விழிக்கின்றனர்; அல்லது சினங்கொண்டு பிள்ளையின் வாயை அடக்கிவிடுகின்றனர்.

இவ்வாதத்துக்கு விடையிறுப்பதாக எண்ணிக்கொண்டு நம்மவருள் ஒரு சாரார், "நமாஸ் என்பது தூய அரபுச் சொல், வடமொழிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்று முழங்குகின்றனர். இன்னொரு சாரார் ஒருபடி மேலே சென்று, "தொழுகை என்பது கோயில் வழக்கு, முஸ்லிமின் நாவுக்கு நமாஸ் என்பதே பொருந்தும்" என்று நம் தாய்மார் வழிவழியாக வழங்கிவரும் நல்ல தமிழ்ச் சொல்லையே தீட்டுப்பட்ட சொல்லாக்கி வருகின்றனர்.

இம்மூவரும் ஒருவரோடொருவர் மாறுபடுவதுபோல் தோன்றினாலும் அடிப்படையில் ஒரே பிழையைச் செய்கின்றனர். சொல்லின் பிறப்பே அச்சொல் குறிக்கும் செயலின் பிறப்பு என்று மூவரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை தவறு என்பதை, அவர்கள் பற்றி நிற்கும் அதே சொல்லைக் கொண்டே காட்டுவது நம் நோக்கம்.

உறவு கண்ட அறிஞர்கள்

பாரசீகத்துக்கும் வடமொழிக்கும் உறவுண்டு என்பது மேலைநாட்டார் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது என்று பலர் கருதுகின்றனர். தில்லியில் வாழ்ந்து 1756இல் மறைந்த சிராஜுத்தீன் அலீ கான் ஆர்ஸூ என்னும் பேரறிஞரை அவர்கள் அறியார். 'முஸ்மிர்' என்னும் தம் மொழியியல் நூலில், பாரசீகச் சொற்களுக்கும் இந்நாட்டு மொழிச் சொற்களுக்கும் இடையே காணும் ஒற்றுமையைத் 'தவாஃபுக்' எனப் பெயரிட்டு அவர் ஆராய்ந்தார். கடன் வாங்கிய சொல் வேறு, இயல்பாகவே ஒத்து நிற்கும் சொல் வேறு என்னும் நுட்பம் அவருக்குப் புலப்பட்டிருந்தது. கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் இன்று மறைந்துபோன ஒரு பொதுமூலத்திலிருந்து கிளைத்தவையாகலாம் எனவும் பழைய பாரசீகத்தையும் அக்குடும்பத்தில் சேர்க்கலாம் எனவும் ஆசியக் கழகத்தில் உரையாற்றியது 1786 பிப்ரவரி 2ஆம் நாள். ஆர்ஸூ மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பின்! மொழிகளின் உறவை ஆராய்வது இஸ்லாத்துக்கு ஒவ்வாத வேலை என்று அஞ்சுவோர், அத்துறையில் முன்நடந்தோருள் ஒருவர் ஒரு முஸ்லிம் என்பதை நினைவிற் கொள்வாராக.

ஜோன்ஸுக்குப் பின் 1816இல் பிரான்ஸ் பாப் என்னும் ஜெர்மானியர் இம்மொழிகளின் வினைத்திரிபுகளை ஒப்பிட்டு நூல் எழுதினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்குள் இவ்வாராய்ச்சி கணக்கியலைப் போன்ற ஒழுங்குடைய கலையாக வளர்ந்தது. இதன் அடிப்படை விதி எளியது: இரு சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பது சான்றாகாது, ஒலிகள் ஓர் ஒழுங்கின்படி, பல சொற்களில், திரும்பத் திரும்ப மாறி நிற்பதே சான்று.

பாரசீகத்தில் 'பத்' என்றால் தீயது. ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் தீயது. ஒலியும் பொருளும் ஒத்திருந்தும் இவ்விரு சொற்களுக்கும் எவ்வித உறவும் கிடையாது. தற்செயலான ஒப்புமையே அது. மறுபுறம், வடமொழியில் 'ஸப்த', பாரசீகத்தில் 'ஹஃப்த்'. அங்கு 'ஸஹஸ்ர', இங்கு 'ஹஸார்'. அங்கு 'மாஸ', இங்கு 'மாஹ்'. அங்கு 'ஸிந்து', இங்கு 'ஹிந்து'. வடமொழி ஸகரம் நிற்கும் இடத்தில் ஈரானிய மொழிகளில் ஹகரம் நிற்கிறது. ஒரு சொல்லிலன்று, நூற்றுக்கணக்கான சொற்களில். இதுவே உறவின் சான்று. தந்தைக்குப் 'பித்ரு' என்கிறது வடமொழி, 'பிதர்' என்கிறது பாரசீகம், 'பாத்தெர்' என்கிறது லத்தீன். அரபோ 'அப்' என்கிறது. தாயை 'உம்மு' என்கிறது. உடன்பிறந்தானை 'அக்' என்கிறது. அரபு வேறு குடும்பம். எபிரேயமும் அரமாயிக்கும் அதன் உடன்பிறப்புகள். தமிழ் மூன்றாவது குடும்பம். தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல என்பதை எல்லிஸ் துரை 1816இலும், கால்டுவெல் ஐயர் 1856இலும் நிறுவினர்.

உடுக்குறி இட்ட வேர்

இனி நம் சொல்லுக்கு வருவோம். உறவு மொழிகளில் எஞ்சி நிற்கும் சொற்களை ஒப்பிட்டு, அவற்றின் பொது முன்னோனாக இருந்திருக்க வேண்டிய வடிவத்தை அறிஞர்கள் மீட்டமைப்பர். அவ்வாறு மீட்டமைத்த வடிவத்தின் தலையில் ஓர் உடுக்குறி இடுவது மரபு. "இதனை எந்த ஏட்டிலும் கண்டோமில்லை, எந்த நாவிலும் கேட்டோமில்லை, கணித்தறிந்தோம்" என்பதே அக்குறியின் பொருள். இவ்வகையில் அமைந்த வேர்களுள் ஒன்று '*நெம்'. வளைதல், குனிதல் என்பது அதன் பொருள். இத்தொன்மொழி பேசப்பட்டது ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் என்றும், கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளில் என்றும் பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர். அம்மக்கள் நமக்கு எழுத்தொன்றும் விட்டுச் செல்லவில்லை.

அவ்வேரின் மக்கள் எங்கெங்கே சென்று குடியேறினர் என்று காண்போம்.

வடமொழியில் 'நம்' என்னும் வினை வளைதலைக் குறிக்கும். மரக்கொம்பு வளைவதும், வில் வளைவதும், தலை வணங்குவதும் அவ்வொரு வினையாலேயே சொல்லப்பெறும். அதிலிருந்து 'நமஸ்' என்னும் பெயர். ருக்வேதத்திலேயே அது பயில்கிறது. பழைய ஈரானின் அவெஸ்தா மொழியில் அதன் உடன்பிறப்பு 'நெமஹ்'. ஸகரம் ஹகரமாகும் அதே விதி இங்கும் நிற்பதைக் காண்க. தகரத்தின் முன் ஸகரம் மாறாது நிற்குமாதலால், 'உனக்கு வணக்கம்' என்பதற்கு அவெஸ்தாவில் 'நெமஸெ தே' என்றே வருகிறது. ஸொராஸ்டிர சமயத்தாரின் வழிபாட்டில் அத்தொடர் இன்றும் ஓதப்படுகிறது. இடைக்காலப் பாரசீகத்தில், அதாவது இஸ்லாம் ஈரானுக்குள் வருமுன்னரே, 'நமாஸ்' என்னும் சொல் பணிந்து வணங்குதல் என்னும் பொருளில் வழங்கியது.

மத்திய ஆசியாவில், இன்றைய சீனத்தின் சிங்கியாங் பகுதியிலுள்ள கூச்சா, துர்ஃபான் முதலிய இடங்களில், மணலுக்குள் புதைந்து கிடந்த ஏடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தன. அவற்றின் மொழியை 1908இல் சீக், சீக்லிங் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர் இன்னதென இனங்கண்டனர். தொகாரியம் எனப் பெயர்பெற்ற அம்மொழியிலும் குனிதலைக் குறிக்கும் வினை அதே வேரிலிருந்து வந்தது. அதனைப் பேசியோர் பௌத்தர். இன்று அதே மண்ணில் வாழும் உய்குர் மக்கள் முஸ்லிம்கள். அவர்கள் தம் ஐவேளை வணக்கத்தை 'நமாஸ்' என்கின்றனர். தொகாரிய மொழி மாண்டது. அதன் வேருக்கு உறவான ஒரு சொல், பாரசீகத்தின் வழியே சுற்றிவந்து, அதே ஊருக்குள் மீண்டும் குடிபுகுந்தது!

பாரசீகத்திலிருந்து துருக்கியத்துக்கும், துருக்கியத்திலிருந்து பால்கன் நாடுகளுக்கும் 'நமாஸ்' சென்றது. பொஸ்னிய முஸ்லிமும் அச்சொல்லையே வழங்குகிறார். கிழக்கே உருதுவுக்கும் வங்காளத்துக்கும் வந்தது. வடமொழி வழியே சென்ற கிளையோ இன்னும் பல வாயில்களில் நுழைந்தது. பாலியில் 'நமோ' எனப் பௌத்தர் புத்தரைப் பணிந்தனர். அது சீனம் சென்று, யப்பானில் 'நமு' என நிற்கிறது. சமணர் தம் நமஸ்கார மந்திரத்தில் அதனை வைத்தனர். சைவரும் வைணவரும் தத்தம் திருமந்திரங்களில் அதனை ஏற்றனர்.

முதற் சாராருக்கு

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நமாஸ் நமஸின் பிள்ளை என்பாரை நோக்குவோம்.

பி. என். ஓக் என்பார் (1917-2007) இவ்வாதத்தைப் பெரிதும் பரப்பியவர். தாஜ்மஹாலைக் கோயில் என்றும் கஅபாவைக் கோயில் என்றும் எழுதிய அவர், 'நமாஸ்' என்பது 'நம', 'யக்ஞம்' என்னும் இரு வடசொற்களின் கூட்டு என்றும் எழுதினார். தாஜ்மஹால் பற்றிய அவருடைய மனுவை 2000ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. அவர் சொல்லாராய்ச்சியை எந்த நீதிமன்றமும் தள்ள வேண்டியதில்லை. பாரசீக அகராதியே தள்ளிவிடும். ஏனெனில் 'யக்ஞம்' என்னும் வடசொல்லுக்குப் பாரசீகத்தில் உண்மையாகவே ஓர் உடன்பிறப்பு உண்டு. அவெஸ்தாவில் அது 'யஸ்ன'. பிற்காலப் பாரசீகத்தில் அது 'ஜஷ்ன்'. விழா என்னும் பொருளில் உருதுவிலும் வழங்கும் அதே ஜஷ்ன்தான். வேள்வி ஜஷ்ன் ஆயிற்று. அது நமாஸின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

தமிழில் எழுதும்போது இன்னொரு மயக்கமும் நேர்கிறது. 'நமாஸ்' என்றும் 'நமஸ்' என்றும் எழுதினால் இடையே ஒரு துணைக்கால் மட்டுமே வேறுபாடு எனத் தோன்றும். பாரசீகத்தில் ஈற்றில் நிற்பது வடமொழி ஸகரமன்று. நம் எழுத்தில் இல்லாத, அதிர்வுடைய வேறோர் ஒலி. அது பழைய ஈரானியச் சகரத்திலிருந்து வந்தது. 'ரோஸ்' என்னும் பாரசீகச் சொல்லிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பகல் என்னும் பொருளுடைய அச்சொல்லிலிருந்தே உருதுவில் நோன்பைக் குறிக்கும் 'ரோஸா' பிறந்தது. அதற்கு உறவான வடசொல்லில் இன்றும் சகரமே நிற்கிறது. 'ருசி' என்றால் ஒளி என்றொரு பொருள் உண்டு. ஆகவே நமாஸும் நமஸும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மெய். ஒன்று மற்றொன்றுக்குத் தாய் என்பது பொய். ஒரு பாட்டன் பெயரைச் சொல்லும் இரு பேரப்பிள்ளைகளில் ஒருவன் மற்றவனைப் பார்த்து "நீ என் மகன்" என்றால் ஊர் சிரியாதா?

அன்றியும், அப்பாட்டன் யாருடைய சமயத்தைச் சேர்ந்தவன்? '*நெம்' வேரை வழங்கிய புல்வெளி மக்கள் இந்துக்களும் அல்லர், பார்சிகளும் அல்லர், பௌத்தரும் அல்லர். குனிவதற்கு அவர்கள் ஒரு சொல் வைத்திருந்தனர், அவ்வளவே. அதன்பின் ஒவ்வொரு சமயத்தாரும் அச்சொல்லை எடுத்துத் தத்தம் வணக்கத்துக்குப் பெயராக்கினர். நெருப்பின் முன் நிற்கும் பார்சியும் அதனைச் சொன்னார், புத்தரின் முன் அமர்ந்த தொகாரியரும் சொன்னார், சிவனடியாரும் சொன்னார், உருவமற்ற ஒருவனை நோக்கி நிற்கும் முஸ்லிமும் சொன்னார். இவர்களெல்லாம் ஒரே வணக்கம் செய்தார் என்று சொன்னால் முதலில் மறுப்பவர் சைவரும் பௌத்தருமாகவே இருப்பர்.

இரண்டாம் சாராருக்கு

இனி நம்மவரிடம் வருவோம். பிறர் பொய்யை மறுப்பதற்கு நாம் ஒரு பொய்யைக் கையிலெடுக்கலாமா? 'நமாஸ்' அரபுச் சொல் அன்று. குர்ஆன் ஷரீஃபில் அச்சொல் ஓரிடத்திலும் இல்லை. அங்கே வருவது 'ஸலாத்'. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாய் மலர்ந்ததும் 'ஸலாத்' என்பதே. பாரசீகர் இஸ்லாத்தைத் தழுவியபோது, தம் மொழியில் பணிவைக் குறித்துக்கொண்டிருந்த பழஞ்சொல்லை எடுத்து ஸலாத்துக்குப் பெயராக வைத்தனர். அந்தப் பழஞ்சொல் அதற்குமுன் யாரை வணங்கக் குறித்தது? மன்னரை! ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கப்பெற்று, கி.பி. 1010இல் நிறைவுற்ற ஃபிர்தௌஸியின் ஷாஹ்நாமாவிலும், அரசர் முன் வீரர் தலைதாழ்த்துவதைக் குறிக்க இச்சொல் பலமுறை வருகிறது. ஆக, ஈரானிய முஸ்லிம் ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வழங்கினார். எந்த இடத்தில் என்ன பொருள் என்று அவருக்கு ஐயமிருந்ததில்லை.

சொற்களின் பிறப்பை ஆராய்வதை நம் முன்னோர் அஞ்சினாரில்லை. குர்ஆனில் அயன்மொழிச் சொல் உண்டா என்னும் கேள்வியையே அவர்கள் வெளிப்படையாக எழுப்பி விவாதித்தனர். இல்லை, அனைத்தும் அரபே என்றார் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). வேற்றுமொழியில் பிறந்து அரபில் கலந்து அரபாகிவிட்ட சொற்கள் உண்டு என்று கருதி அவற்றைத் தொகுத்துத் தனிநூலே இயற்றினார் 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்). ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்கவில்லை. ஆயினும் இருவரையும் உம்மத் போற்றுகிறது. 'ஃபிர்தௌஸ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சுற்றிச் சுவரெழுப்பிய தோட்டத்துக்குப் பழைய ஈரானியர் வழங்கிய பெயரிலிருந்து அது வந்ததென்பது இன்றைய மொழிநூலார் முடிவு. அம்முடிவை ஒருவர் ஏற்றுக்கொள்வதால் சுவர்க்கத்தைப் பற்றிய அவருடைய ஈமானில் ஓர் அணுவேனும் குறையுமா? மெய்யைக் கண்டு நடுங்கும் ஈமான் என்று ஒன்று இஸ்லாத்தில் இல்லை. நம் பிள்ளை நாளை ஒரு நல்ல அகராதியைப் புரட்டும்போது, நாம் சொல்லிக்கொடுத்தது பொய் என்று கண்டால், அதன்பின் நாம் சொல்லும் மெய்யை அப்பிள்ளை எங்ஙனம் நம்பும்?

மூன்றாம் சாராருக்கு

இறுதியாக, 'தொழுகை' என்னும் சொல்லை இழிவாகக் கருதுவோரைக் கேட்கிறோம். அச்சொல்லின்மேல் நீங்கள் சுமத்தும் குற்றம் யாது? பிற சமயத்தாரும் அதனை வழங்கினர் என்பதா? ஆம், வழங்கினர். திருக்குறளில் தொழுதல் பலமுறை வருகிறது. தெய்வத்தைத் தொழுவதும் உண்டு, கணவனைத் தொழுவதும் உண்டு, உழவரைத் தொழுது பின்செல்வதும் உண்டு. ஆனால் அதே குற்றத்துக்கு 'நமாஸ்' இருமடங்கு ஆளாகிறதே! அது நெருப்பை வணங்கியோர் நாவிலும் மன்னரை வணங்கியோர் நாவிலும் பயின்ற பின்னரே முஸ்லிமின் நாவுக்கு வந்தது. பிறர் வழங்கினர் என்பதற்காகத் தொழுகையைத் துறந்து நமாஸைப் பற்றுவது, மழைக்கு அஞ்சி ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

'ஸலாத்' என்னும் அரபுச் சொல்லே இவ்விதிக்குப் புறம்பன்று. சூரா அல்-அன்ஃபாலின் 35ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். இறையில்லத்தின் அருகே இணைவைப்போர் நிகழ்த்திய வணக்கம் சீழ்க்கையடிப்பதும் கைதட்டுவதுமாகவே இருந்தது என்று அங்கே இறைவன் கண்டிக்கிறான். அவ்வணக்கத்தைக் குறிக்க அங்கே வரும் சொல் எது? அதே 'ஸலாத்'! இணைவைப்போர் நாவில் வழங்கிய சொல்லை அல்லாஹ் தள்ளிவிடவில்லை. அச்சொல்லுக்குள் புதிய பொருளை வைத்தான். கிப்லாவும், நேரமும், நிய்யத்தும், ருகூவும், ஸுஜூதும் சேர்ந்து அப்பொருளை நிறைத்தன. அரபிகளின் பழஞ்சொல்லுக்கு அது நேரலாமெனில், பாரசீகரின் பழஞ்சொல்லுக்கும் தமிழரின் பழஞ்சொல்லுக்கும் நேரலாகாதா?

உலக முஸ்லிம்கள் இவ்வுண்மையைப் பேசாமலே கடைப்பிடித்து வந்துள்ளனர். மலாய் முஸ்லிம் தொழுகையை 'ஸெம்பஹ்யாங்' என்பார். அதிலுள்ள 'ஹ்யாங்' இஸ்லாத்துக்கு முன் அம்மக்கள் தெய்வத்துக்கு வழங்கிய பெயர். நோன்பை அவர் 'புவாஸா' என்பார். அது 'உபவாஸம்' என்னும் வடசொல். அவர் நோன்பு ஏகாதசி விரதமாகிவிட்டதா? நமக்கு அண்டையிலுள்ள கேரளத்து மாப்பிள்ளைமாரைப் பாருங்கள். தொழுகைக்கு அவர்கள் வழங்கும் சொல் 'நிஸ்காரம்'. அது 'நமஸ்காரம்' என்பதன் மரூஉ. எந்த நமஸுக்கு அஞ்சி இங்கே சிலர் ஓடுகின்றனரோ, அந்த நமஸையே எடுத்து அல்லாஹ்வின் வணக்கத்துக்குப் பெயராக்கிவிட்டனர் கேரளத்து முஸ்லிம்கள். '*நெம்' என்னும் அவ்வொரே வேர், கேரளத்தில் வடமொழி வழியாகவும் உருது முஸ்லிமிடம் பாரசீக வழியாகவும் வந்து, ஒரே ஸலாத்தின் இரு பெயர்களாய் நிற்கிறது. ஈமான் யாருக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நம் முன்னோருக்கு அந்த வேரின் துணையும் தேவைப்படவில்லை. 'தொழு' என்பது திராவிட வேர். மலையாளத்திலும் 'தொழுக' என உண்டு. '*நெம்' குடும்பத்தோடு அதற்கு உறவில்லை. கடல்வழி வந்த தீனை ஏற்ற நம் மூதாதையர் தம் தாய்மொழியிலேயே அதற்குப் பெயர் கண்டனர்: தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல், ஓதுதல். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், நுபுவ்வத்துக் காண்டத்தின் ஒரு படலத்துக்குத் தொழுகை வந்த வரலாறு என்றே பெயர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் நம் பாட்டிமார் தம் பேரப்பிள்ளைகளை வைகறையில் எழுப்பித் தொழச் சொன்னது இச்சொல்லால்தான். அவர்கள் யாரை நோக்கித் தொழச் சொன்னார்கள் என்பதில் அப்பிள்ளைகள் ஒருவருக்கேனும் மயக்கம் நேர்ந்ததுண்டா?

உருது பேசும் நம் சகோதரர் 'நமாஸ்' என்பதை நாம் குறைகூறவில்லை; அது அவர் தாய்மொழி; அச்சொல்லின் மாண்பும் பெரிது. நமது சொல்லை அதற்குக் கீழாக எண்ணாதீர் என்பதே நம் வழக்கு. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று என்று சூரா அர்-ரூமின் 22ஆம் வசனம் அறிவிக்கிறது. எந்தத் தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பெற்றார் என்று சூரா இப்ராஹீமின் 4ஆம் வசனம் அறிவிக்கிறது. மொழி வேறுபாட்டை அத்தாட்சி என்று இறைவன் சொல்ல, அதனை நாம் தர வேறுபாடு என்று கொள்வது தகுமா?

நாம் செய்ய வேண்டுவது

பிள்ளை கேள்வியோடு வீடு திரும்பும்போது அதன் வாயை அடக்காதீர்கள். அருகில் அமர்த்திச் சொல்லுங்கள்: "ஆம் மகனே, நமாஸும் நமஸ்காரமும் ஒரே தொல்வேரின் கிளைகள்தாம், பிராதரும் ப்ராத்ருவும் போல. அவ்வேருக்குக் குனிதல் என்று பொருள். குனிந்தவர் பலர், யார் முன் குனிந்தனர் என்பதிலேதான் வழிகள் பிரிந்தன. நாம் தொழுவது ஒருவனை. அதனை நமக்குக் கற்பித்தவர் நபிகள் நாயகம் (ஸல்). எந்தச் சொல்லால் அழைத்தாலும் தொழுகை அதுவே." இவ்விடையில் பொய்யில்லை, பகையில்லை, அச்சமுமில்லை. உடன்படிக்கும் பிள்ளையும் கேட்டு அறிவு பெறும்.

நம் மத்ரஸாக்களில் அரபு இலக்கணம் கற்பிக்கிறோம். மூன்றெழுத்து வேர்களைப் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். அவ்வளவு வேர்ப்பயிற்சி உள்ள பிள்ளைகளுக்குத் தமிழின் வேரும் பாரசீகத்தின் வேரும் ஒரு சிறிது கற்பித்தால் சுமையாகிவிடுமா? பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இலும், விரிவான இரண்டாம் பதிப்பு 1984இலும் வெளிவந்தன. அது நம் பள்ளிவாசல் நூலகங்களில் எத்தனையில் இருக்கிறது? கான் ஆர்ஸூவின் பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? அறிவை நாம் கைவிட்ட இடத்தில்தான் வம்பு வந்து குடியேறியது. அதனை வெளியேற்றக் கூச்சல் உதவாது, விளக்கேற்றினாற் போதும்.

உடுக்குறி இட்ட அவ்வேரை இன்று உரிமை கோர எவருமில்லை. அதனைப் பேசியோர் மண்ணோடு மண்ணாயினர். எஞ்சியிருப்பது குனிதல் என்னும் அதன் பொருள் ஒன்றே. ஐவேளையும் நம் நெற்றி நிலத்தில் படும்போது அப்பொருளை நாம் நிறைவேற்றுகிறோம். நாவில் வரும் பெயர் ஸலாத்தாகவோ, நமாஸாகவோ, நிஸ்காரமாகவோ, தொழுகையாகவோ இருக்கட்டும். பெயருக்காக வழக்காடிக்கொண்டே பாங்கொலியைக் கேளாதோர் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காதிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக, ஆமீன்.